குறுந்தொகையைக் குறிப்பை மூடிவிட்டுப் படிக்கலாமா?

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "உயர்தரத்தில் தமிழ் எடுத்தவன் நான். அப்போது சங்கப் பாட்டு என்றாலே வெறுப்பு, மனப்பாடம் பண்ணி எழுதித் தொலைத்ததுதான். இப்போது வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் குறுந்தொகை படிக்கிறேன். உரை பார்ப்பதில்லை, 'தலைமகள் தோழிக்குச் சொல்லியது' என்று பாட்டோடு வரும் குறிப்பையும் பார்ப்பதில்லை. பாட்டு நேரே விளங்குகிறது. அந்தக் குறிப்பெல்லாம் பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்ததுதானே? தூக்கி எறிந்தால் என்ன குறைந்துவிடும்?"

மார்ச் 4

எறியுங்கள், யார் தடுத்தது? ஆனால் என்ன குறையும் என்று கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

மூன்றாம் பாட்டை எடுங்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவு இன்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

குறிப்பு இல்லாமல் படித்தால் ஒரு பெண் தன் காதல் நிலத்தை விடப் பெரியது, வானத்தை விட உயரமானது, நீரை விட ஆழமானது என்கிறாள். நல்ல பாட்டுத்தான், கொஞ்சம் மிகை. காதலிக்கிற எவரும் இரவு பதினொரு மணிக்கு இதைச் சொல்வார்கள். இப்போது குறிப்பைத் திறந்து பாருங்கள். அவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். கல்யாணப் பேச்சை எடுக்காமல் இழுத்தடிக்கிறவன். அவன் காதில் விழட்டும் என்றே தோழி அவனைப் பழிக்கிறாள், அவள் பழித்தவுடன் தலைவி எதிர்த்துப் பேசுகிறாள். அந்தப் பேச்சுத்தான் இந்த நாலு வரி. மிகை என்று பட்டது மிகையில்லை, வாக்குவாதத்தில் குரல் உயர்வது. நிலம், வான், நீர் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்குவதும் அதனால்தான். எதிரில் ஒருத்தி "ஆளைப் பார், ஆளை" என்று நிற்காவிட்டால் இவ்வளவு அடுக்கத் தேவையே இல்லை.

அவன் நிற்பது தலைவிக்குத் தெரியுமா? குறிப்பு அதைச் சொல்லவில்லை. தெரியும் என்றால் ஒரு பாட்டு, தெரியாது என்றால் வேறொரு பாட்டு. இரண்டையும் படித்துப் பார்க்கலாம். குறிப்பை எறிந்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது, அதுதான் குறைவது.

மார்ச் 4, இரவு

உரையை எறிவது பற்றி ஒன்று விட்டுப்போனது. குறுந்தொகையைப் பொறுத்தவரை உங்களுக்கு அந்த வேலை மிச்சம். 380 பாட்டுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரரும், அவர் விட்ட 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்று செய்தி மட்டும் இருக்கிறது, உரை கிடைக்கவில்லை. நாம் இன்று புரட்டுவதெல்லாம் அச்சில் வந்த பிறகு எழுதியவை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார், 1937இல் உ.வே.சாமிநாதையர், அப்புறம் வந்தவர்கள். ஏட்டோடு ஏடாக வந்த பழைய வாசிப்பு என்று மிஞ்சியிருப்பது நீங்கள் எறியச் சொல்கிற அந்த ஒற்றை வரிக் குறிப்புகள்தான்.

மார்ச் 7

"அப்படியென்றால் குறிப்புத்தான் வேதமா?" என்று ஒருவர் சூடாகக் கேட்டிருக்கிறார். இல்லை. 25ஆம் பாட்டைப் பாருங்கள், கபிலர் பாடியது.

யாரும் இல்லை தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கல்யாணம் தள்ளிப்போகிறபோது தலைவி தோழிக்குச் சொன்னது என்கிறது குறிப்பு. சரி, ஏற்கலாம். ஆனால் பாட்டு வேலை செய்யும் இடம் குறிப்பில் இல்லை. முதலில் "யாரும் இல்லை" என்கிறாள். அவன் மட்டும்தான் இருந்தான், அந்தக் கள்வன், அவன் இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அதற்குப் பிறகுதான் கொக்கு நினைவுக்கு வருகிறது. வழக்கு எடுபடாது என்று முடிவாகிவிட்ட பின், இன்னும் யாராவது இருந்தார்களா என்று மனதைத் துழாவுகிறாள், கிடைப்பது ஒரு கொக்கு. அதுவும் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்ற கொக்கு. உரைகாரர்கள் பொதுவாகச் சொல்வது, அது இரையிலேயே கண்ணாக இருந்ததால் இவர்களைக் கவனித்திருக்காது, அதனால் சாட்சிக்கு உதவாது என்று.

இது எனக்கு ஒருபோதும் முழுசாகச் சரிப்படவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், இப்போது கரண்ட் போகப்போகிறது.

மார்ச் 9

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் குளக்கொக்கு நிற்கும், பார்த்திருப்பீர்கள். மண்நிறம், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும், கால் மங்கின பச்சை. "சிறுபசுங் கால" என்று கபிலர் சொன்னது இந்த வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் நான் வாதாட வரமாட்டேன். (ஒழுகுநீர் என்பது மட்டும் நம் கால்வாய்க்குப் பொருந்தாது. அது ஒழுகுகிறதா என்பதே விவாதத்துக்குரியது.)

நேற்று பின்னேரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, கடற்கரைப் பக்கம் ரயில் போனது, பாலத்தில் இரண்டு பேர் சிங்களத்தில் பெரிதாகச் சண்டை பிடித்தார்கள். கொக்கு அசையவில்லை. சொண்டு தண்ணீரைப் பார்த்தபடி. ஆகா, உரைகாரர் சரி என்று நினைத்தபோது நான் அரை அடி முன்னால் வைத்தேன், நிழல் தண்ணீரில் விழுந்தது, அவ்வளவுதான். மண்நிறமாக இருந்தது ஒரே வெள்ளையாக எழும்பிப் போய்விட்டது. அதாவது அது என்னை முழு நேரமும் கணக்கில் வைத்திருந்திருக்கிறது. கொக்கு பார்க்காமல் இருக்கவில்லை. பார்த்தும் அக்கறையில்லாமல் இருந்தது.

இதற்கு மேலும் ஒன்று. அந்த நேரத்தில் கொக்கு எதைப் பார்த்தது என்பதை விட, கொக்கை யார் பார்த்தது? அவள்தான். காலின் நிறம் தெரிகிறது, பருமன் தெரிகிறது, எந்த மீனுக்காக நின்றது என்பதுகூடத் தெரிகிறது. தன்னை மறந்து நின்ற வேளை என்று நாம் நினைக்கிற வேளையில் இவ்வளவையும் மனதில் வாங்கியிருக்கிறாள். கொக்கு சாட்சியில்லை, ஆனால் கொக்கைப் பற்றி அவள் சொல்கிற துல்லியம் அங்கே அவள் இருந்ததற்குச் சாட்சி. கேட்கிற தோழிக்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இது எந்த உரையிலும் நான் பார்க்காதது, என் வாசிப்பு. தோழி இல்லாமல் அவள் தனக்குத்தானே பேசினாள் என்று வைத்தால் இது நிற்காது என்பதையும் கவனியுங்கள். தனக்கே ஆதாரம் காட்ட யாருக்கும் தேவையில்லை. ஆகவே குறிப்பு மறுபடியும் கை கொடுக்கிறது.

மார்ச் 9, சற்றுப் பிறகு

கொக்குக்கு ஜூரி சம்மன் அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: அனுப்பலாம், தவணை போட்டே கொக்கு கிழவனாகிவிடும்.

மார்ச் 12

"பின்னால் வந்தவர்கள் எழுதியது" என்ற வாதத்துக்கு நேரே வருகிறேன். ஆமாம், தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ எழுதியது, புலவர் எழுதியது இல்லை. ஆனால் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்ற கேள்வி அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. தொல்காப்பியம் செய்யுளியல் ஒரு பாட்டின் உறுப்புகளை எண்ணும்போது எழுத்து, அசை, சீர், அடி என்று போய், அதே மூச்சில் திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம் என்கிறது. கேட்கிற ஆளும் சீர், அடி மாதிரிப் பாட்டின் ஒரு உறுப்பு. காதலைப் பாடுகிற அகப்பாட்டில் எவருடைய பெயரும் சொல்லக்கூடாது என்பதும் தொல்காப்பிய விதிதான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, மேடைக் குறிப்பு கிடையாது. அப்படியிருக்க யாரோ ஒருவர் யாரிடமோ பேசுகிறார் என்பதை விட்டால் பிடிக்க வேறு என்ன இருக்கிறது?

இவ்வளவும் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். 40ஆம் பாட்டு. "யாயும் ஞாயும் யாரா கியரோ". எல்லாருக்கும் தெரியும், முழுதாக எழுதத் தேவையில்லை. முதல்முறை கூடிய பிறகு, விட்டுப்போய்விடுவானோ என்று அவள் பயப்படுவதைக் கண்டு அவன் சொன்னது என்கிறது குறிப்பு. ஆகவே ஆறுதல். ஆனால் பாட்டுக்குள் ஆண் பேசுகிறானா பெண் பேசுகிறாளா என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. நானும் நீயும், என் தந்தையும் உன் தந்தையும், அவ்வளவுதான். அவள் பேசுவதாக வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆறுதல் போய்விடும். "இது எப்படி நடந்தது?" என்ற திகைப்பு மட்டும் மிஞ்சும், அடியில் கொஞ்சம் பயமும். எனக்கு இந்தப் பெண் குரல்தான் கூடப் பிடிக்கிறது. சொந்தத் தாய் தகப்பனை முதல் இரண்டு வரியிலேயே இழுப்பது வீட்டில் கேள்வி கேட்கப்படப் போகிறவளின் பேச்சாகப் படுகிறது. மரபு இதை ஏற்காது. ஏற்காவிட்டால் போகட்டும், இந்த ஒரு பாட்டுக்கு நான் குறிப்பை மூடிவைக்கிறேன்.

மார்ச் 19

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

41ஆம் பாட்டு. காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் போல மகிழ்வேன், அவர் போன நாளில் மனிதர்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீட்டைப் போல பொலிவிழந்து வருந்துகிறேன், தோழி. "மக்கள் போகிய அணிலாடு முன்றில்". இதை நான் பள்ளியில் படித்தபோது உவமை என்று நோட்ஸில் எழுதினேன், புள்ளி கிடைத்தது, அத்தோடு சரி.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990இல் போரின்போது விட்டு வந்தது. காணி திரும்பக் கிடைத்த பிறகு பெரியம்மாவோடு பார்க்கப் போனேன். நான் அந்த வீட்டைச் சிறு பிள்ளையாகத்தான் அறிவேன், அவவுக்கு அது அவ கலியாணம் கட்டிவந்த வீடு. கூரை இல்லை. யன்னல் நிலை, கதவு நிலை ஒன்றும் இல்லை, கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். குசினிச் சுவரில் ஆலங்கன்று வேர் விட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அணில் இருந்ததா என்று கேட்பீர்கள். காணவில்லை. கிணற்றுக்கட்டில் ஒரு உடும்பு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது, எங்களைக் கண்டும் எழும்பவில்லை. பெரியம்மா அழுவா என்று நினைத்து நான் பக்கத்தில் நின்றேன். அவ அழவில்லை. "இதிலதான் மேளக்காரர் இருந்தவை" என்று முற்றத்தில் ஓரிடத்தைக் காட்டினா. பிறகு பந்தல் எதுவரை போட்டது, எத்தனை பந்தி வைத்தது, யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கதைத்துக்கொண்டே நின்றா.

கொழும்புக்குத் திரும்பிய பிறகுதான் அந்தப் பாட்டை மறுபடி எடுத்தேன். அதன் முதல் பாதியில் இருக்கிற திருவிழா அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதுவரை எனக்கு அது வெறும் அணில் பாட்டு.

மார்ச் 20

"உங்கள் வீட்டுக் கதையைப் பாட்டுக்குள் திணிக்கிறீர்கள், பாட்டு காதலன் பிரிவைப் பற்றியது, இடப்பெயர்வைப் பற்றியது அல்ல" என்று கண்டித்திருக்கிறார் ஒருவர். அவர் சொல்வது நியாயம். அங்கே வெறும் வீடு உவமைதான், பொருள் அவள் மனம். இங்கே நம் ஆட்கள் பலரும் அந்த ஒரு வரியைப் பிய்த்து எடுத்து மேடையில் கண்ணீர் விடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. திருவிழாவை வெட்டிவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டால் பாட்டில் பாதி போய்விடுகிறது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதற்கும் இதே கதிதான். புறநானூறு 192இல் அதற்குக் கீழே ஆற்று வெள்ளத்தில் போகிற மிதவை இருப்பதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

ஆனால் ஒன்றைப் பாருங்கள். இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாமல் போனபோது தொகுத்தவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அணிலாடு முன்றிலார். திருவிழா ஊரார் என்று வைக்கவில்லை. ஆகவே அந்த முற்றத்தில் தடுக்கி விழுந்த முதல் ஆட்கள் நாங்கள் இல்லை, தொகுப்பாளரே விழுந்திருக்கிறார்.

ஏப்ரல் 2

இழை கனத்துப்போய்விட்டது, கொஞ்சம் இறக்குவோம்.

கொழும்பில் சங்க இலக்கியம் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் ஈழத்துப் பூதன்தேவனார் வராமல் இருக்கமாட்டார். அகநானூற்றில் 3, குறுந்தொகையில் 3, நற்றிணையில் 1, ஆக 7 பாட்டு அவருடையது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். பாட்டைப் படிக்கிறவர் அபூர்வம். குறுந்தொகை 189ஐப் படியுங்கள். தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்கிறான்: இன்றைக்கே போய் நாளைக்கு வந்துவிடுவோம். மலையிலிருந்து விழுகிற அருவி போல வெண்தேர் விரையட்டும், இளம்பிறை போன்ற சக்கரம் வானிலிருந்து விழுகிற கொள்ளி போலப் பாய்ந்து பசும்பயிரை அறுக்கட்டும், மாலைக்குள் அவளிடம் சேர்ந்துவிடுவோம்.

பசும்பயிர் யாருடையது? அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. இதே அகத்தில் இன்னொரு தலைவன் இருக்கிறான், அகநானூறு 4இல், குறுங்குடி மருதனார் பாட்டில். பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் கலைந்துவிடும் என்று தேர்மணியின் நாக்கைக் கட்டி ஓசைப்படாமல் வருகிறவன். "தாதுண் பறவை பேதுறல் அஞ்சி". அவன் வண்டுக்கு இரங்குகிறான், நம்மவர் காலி வீதியில் 101ஐ முந்தப்பார்க்கிற 100ஆம் இலக்க பஸ் சாரதி மாதிரி ஊரான் வயலுக்குள்ளால் விடுகிறார். ஈழத்துக்காரர்தான், சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 3

பகிடிக்குச் சொன்னதை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு ஒருவர் நீளமாக மறுப்பு எழுதியிருக்கிறார். சரி, நானும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறேன். அந்தப் பாட்டில் தேர் இன்னும் புறப்படவே இல்லை. வேலைக்குப் போகும்படி ஆன நேரத்தில் அவன் பாகனிடம் சொல்வது அது. சக்கரம் சுழலவில்லை, பயிர் அறுபடவில்லை, எல்லாம் அவன் வாயில்தான் ஓடுகிறது. போக மனமில்லாதவன், போவதற்கு முன்பே திரும்பி வருகிற வேகத்தைக் கற்பனை பண்ணுகிறான். அப்படிப் பார்த்தால் அந்தப் பயிர் அவனுடைய அவசரத்தின் அளவு. இன்று போய் நாளை வருவோம் என்பதைப் பாகன் நம்பினானா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

யாழ்ப்பாணத்துப் பெருமை வேண்டுமென்றால் பூதன்தேவனார் ஈழத்தில் எங்கே பிறந்தார் என்று மல்லுக்கட்டாமல் சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளையைப் பேசலாம். 1887இல் கலித்தொகையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அவர், உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்ததற்கு ஏழு வருடம் முன்னால்.

ஏப்ரல் 17

வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். இப்போது குறிப்பைப் பஸ் டிக்கெட்டால் மறைத்துவிட்டுப் பாட்டைப் படிக்கிறாராம், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தானே ஊகித்துவிட்டு டிக்கெட்டை எடுத்துப் பார்க்கிறாராம். பாதிக்குப் பாதி ஒத்துவருகிறது என்கிறார். இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒத்துவராத பாட்டுகளை எறியாமல் தனியாகக் குறித்துவையுங்கள், நீங்கள் பிழையா குறிப்பு பிழையா என்று அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம்.

குறிப்பே வேண்டாத பாட்டு உண்டா என்றும் கேட்டிருக்கிறார். உண்டு. கலித்தொகைக்குப் போங்கள், 51ஆம் பாட்டு, "சுடர்த்தொடீஇ கேளாய்". எல்லாம் பாட்டுக்குள்ளேயே நடக்கிறது. சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்துப் பூமாலையைப் பிய்த்துப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குறும்பன், ஒருநாள் அம்மாவும் இவளும் வீட்டில் இருக்கும்போது தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். அம்மா பொற்கலத்தில் கொடுத்துவிடச் சொல்கிறாள், இவள் கொண்டுபோகிறாள், அவன் இவளுடைய வளையணிந்த முன்கையைப் பிடித்துவிடுகிறான். இவள் "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று கத்துகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்ததும், "தண்ணீர் விக்கினான்" என்று மாற்றிவிடுகிறாள். அம்மா பாவம், அவன் முதுகைத் தடவிவிடுகிறாள், அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். இதற்கு நச்சினார்க்கினியர் உரை முழுதாக இருக்கிறது, ஆனால் உரை இல்லாமலே சிரிக்கலாம்.

இந்தப் பாட்டு இருக்கிற குறிஞ்சிக்கலிப் பகுதியும் கபிலர் பெயரில்தான் வருகிறது. அதிலும் கடைசியில் அவனைக் கள்வன் மகன் என்கிறாள். குறுந்தொகை 25ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று பயப்படுகிறாள், சாட்சிக்கு ஆளில்லை. இங்கே சாட்சிக்கு அம்மாவே ஓடிவந்து நிற்கிறாள், பொய் சொல்வது இவள்.